டுபாக்கூர் என்று ஒரு வார்த்தை

எங்கள் கல்யாணத்துக்கு ராயபுரம் மாதா கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று பாதர் கேட்பார். யாரும் போய்ச் சொல்ல மாட்டார்கள். அதோடு எல்லோருக்கும் திருப்தி. மாப்பிள்ளையின் தம்பிக்கு மட்டும் திருப்தி இல்லை. ஒருத்தர்கூட ஒன்றும் சொல்லாததே அவனுக்குச் சந்தேகமாக இருந்திருக்கிறது. எங்கள் ஊர் எண்ணூருக்கு பஸ் ஏறி வந்து, இறால் வாங்குகிற சாக்கில் என்னைப் பற்றி விசாரித்தான். விசாரித்தது யாரிடம் என்றால், அங்கே இறால் விற்கிற என் அம்மாவிடமே.

"அந்தப் பொண்ணு எப்டிம்மா?"

"தங்கமான பொண்ணு."

"உனக்கு இன்னா ஒறவு?"

"பெத்தவ."

"அப்போ உன் பேச்ச எடுத்துக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, எடை சரியில்லை என்று சண்டையும் போட்டுவிட்டு, இறாலை வாங்கிக்கொண்டு போனானாம். கல்யாணத்தன்று அவனை மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் பார்த்ததும் அம்மா என் காதில் சொன்னாள்: "இவன் இருக்கிற வூட்ல எப்டிடீ குடும்பம் நடத்தப் போற?"

நடத்தினேன். சும்மா சொல்லக்கூடாது, அவன் இல்லாவிட்டால் நடத்தியிருக்க மாட்டேன். ஆனால் அவனோடு ஒரே கூரைக்குக் கீழ் இருப்பது என்பது, இருபத்து நாலு மணி நேரமும் கஸ்டம்ஸ் சோதனையில் நிற்கிற மாதிரி. பாலை முகர்ந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். மீன் மார்க்கெட்டில் ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கிப் பார்ப்பான். செவுள் சிவப்பாக இருந்தால் விரலால் தேய்த்துப் பார்ப்பான், சாயம் பூசியிருக்கிறார்களா என்று. மீன்காரிகள் அவன் வருவதைக் கண்டாலே கூடையை மூடிக்கொள்வார்கள். எதைப் பார்த்தாலும் அவன் வாயில் ஒரே வார்த்தை: "டுபாக்கூர்." செய்தி படிப்பவர், வாட்ச், குக்கர் கேஸ்கட், தேர்தல், தேங்காய் எண்ணெய் எல்லாமே டுபாக்கூர்தான். பெண் பார்க்கப் போன வீடுகளில் அவன் கேட்ட கேள்விகளில் மிரண்டுபோய், அவனுக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வரவில்லை. அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

ஹார்பரில் டாலி கிளார்க் வேலை அவனுக்கு. கப்பலிலிருந்து இறங்குகிற சரக்கைப் பக்கத்தில் நின்று எண்ணிச் சரிபார்க்கிற வேலை. சிலருக்குச் சம்பளத்துக்காக வேலை, இவனுக்கு வேலைக்காகவே பிறந்த குணம். "பொட்டி மேல எய்தி கீறது சரக்கு இல்ல அண்ணி. தொறந்தாத்தான் சரக்கு" என்பான். டி.வி. என்று எழுதிய பெட்டியில் செங்கல் இருந்ததாக ஒரு கதை சொல்வான். அந்தக் கதையைச் சொன்ன ஆளே டுபாக்கூர் என்றும் சேர்த்துச் சொல்வான்.

என் வீட்டுக்காரர் இவனுக்கு நேர்மாறு. கப்பலில் சமையல்காரர். யார் எது சொன்னாலும் தலையாட்டுவார். வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். நானும் நம்புகிற ஜாதிதான். இந்த இரண்டு ஏமாளிகளுக்கும் சேர்த்து அவன் ஒருத்தனே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தான்.

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் எங்கள் வீடு. இரண்டாயிரமாவது வருஷம் பிறந்து கொஞ்ச காலத்தில், எங்கள் வாசல் ரூமில் நான் ஒரு பிரவுசிங் சென்டர் ஆரம்பித்தேன். தட்டி வைத்துத் தடுத்த கேபின்கள், மூலையில் ஒரு கம்ப்யூட்டர். மற்றதுக்கெல்லாம் இன்டர்நெட்டைப் பிரித்துக் கொடுப்பது அந்த மூலைக் கம்ப்யூட்டர்தான். எல்லாவற்றையும் உதிரியாக வாங்கி வீட்டிலேயே பூட்டியது. புருஷன் கப்பலில் இருக்கிற பெண்கள் வருவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் மெயில் அடித்துக் கொடுப்பேன். சிரிப்பும் அழுகையுமாக நாள் போகும். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று இருந்தது அந்த வாசல் ரூம் ஒன்றுதான்.

அப்போதுதான் மெயின் ரோட்டில் ஏ.சி. போட்டு ஒரு சென்டர் திறந்தார்கள். என் மூலைக் கம்ப்யூட்டரோ, நாலு பேர் உட்கார்ந்தால் திணறும், ஆறு பேர் உட்கார்ந்தால் படுத்துவிடும். பிளஸ் டூ ரிசல்ட் வேறு வரப் போகிறது. அன்றைக்கு ராயபுரம் முழுக்க நம்பரை எடுத்துக்கொண்டு ஓடிவரும். அன்று என் மெஷின் படுத்துவிட்டால் கூட்டம் மெயின் ரோட்டுக்குப் போகும். போனது திரும்பி வராது, கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குள் போகவேண்டியதுதான். அந்த மூலைக் கம்ப்யூட்டருக்குப் பதிலாகப் புதுசாக ஒரு நல்ல சர்வர் பூட்டுவது என்று முடிவு செய்தேன்.

"சர்வரா?" என்றாள் என் மாமியார். "பிள்ள கப்பல்ல சமைக்கிறான். நீ இங்க சர்வர் வச்சிக்கப் போறியா? அவனுக்கு சோறு நம்பதான் போடணுமா?"

கொழுந்தன் சிரிக்கவில்லை. அவனுக்கு அந்த உதாரணம் பிடித்துப்போயிற்று. "அம்மா சொல்றது கரீட்டு அண்ணி. இதுவும் ஓட்டல் சர்வர்தான். அல்லாரும் ஒரே நேரத்துல இத்த குடு அத்த குடுன்னு கேப்பான். சூடாவாம, பேஜார் பண்ணாம எடுத்துக் குடுக்கணும். அதுக்கு ப்ராசசர்தான் ஆளு. மீதியெல்லாம் அவன் போட்டுகினு கீற சட்ட."

ப்ராசசரில் இரண்டு வகை கிடைத்தது. ஒன்று சின்னது, மலிவு. இன்னொன்று பெரியது. இரண்டுக்கும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதானே, சின்னதே போதும் என்றார் கம்ப்யூட்டர் பூட்டித் தருகிற வண்ணாரப்பேட்டைக்காரர். அவர் போனதும் இவன் சொன்னான்: "வேகமா நடந்தா போதுமா? சின்னவன் கைல தட்டு சின்னது. ஒரு காபிக்கு ஒரு நடை அடுப்பங்கரைக்கு. பெரியவன் மொத்தத்தையும் ஒரே தட்டுல ஏத்திகினு வருவான். ரிசல்ட் அன்னிக்கு இவன்தான் தாங்குவான்."

ஆக, பெரியது. அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். பைத்தியக்காரி. பேஜார் அங்கேதான் ஆரம்பித்தது. சின்ன ப்ராசசர் மேலே அச்சடித்திருக்கும் எழுத்தைச் சுரண்டிவிட்டு, பெரியது என்று அச்சடித்து விற்கிறார்கள் என அவன் எங்கேயோ கேள்விப்பட்டுவிட்டான். அன்றிலிருந்து அவன் கண்ணில் பட்ட பெரிய ப்ராசசர் எல்லாம் மாறுவேஷம் போட்ட சின்ன ப்ராசசர்தான். என் நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணியை எடுத்துக்கொண்டான். பஞ்சில் நனைத்து எழுத்தின் மேல் தேய்ப்பான். அழிந்தால் போலி. அதுதான் சோதனை. வீடு முழுக்க அந்த நாற்றம்.

வண்ணாரப்பேட்டைக்காரர் ஒரு பீஸைக் கொண்டுவந்து, பார்த்துக்கொண்டிருங்கள், வருகிறேன் என்று டீ குடிக்கப் போனார். திரும்பி வருவதற்குள் இவன் தேய்த்த தேய்ப்பில் அதன் மேல் ஒரு எழுத்து பாக்கியில்லை. "பாத்தியா? டுபாக்கூர்" என்று நீட்டினான்.

அந்த மனுஷருக்கு முகம் சிவந்துவிட்டது. "யோவ், இந்தத் தேய்ப்பு தேய்ச்சா உன் பேரே அழிஞ்சிடும்யா. இனிமே இது அசலா போலியான்னு அந்தக் கம்பெனிக்காரனே வந்தாலும் சொல்ல முடியாது." கோபித்துக்கொண்டு போனவர் போனவர்தான்.

எனக்கு அழுகையே வந்தது. ரிசல்ட் நெருங்குகிறது, வாடிக்கை ஒவ்வொன்றாக மெயின் ரோட்டுக்குப் போகிறது, இவன் பஞ்சும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். "நீ சந்தேகப்பட்டே என் கடைய மூடிடுவ தம்பி" என்று கத்தினேன். "டுபாக்கூர் சாமான போட்டு ரிசல்ட் அன்னிக்கு மூடறதுக்கு இப்பவே மூடிடலாம்" என்றான். அன்றைக்கு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

பொறுக்க முடியாமல் வீட்டுக்காரருக்கு மெயில் எழுதினேன். அவர் அப்போது கப்பலுக்குக் கிளம்பிப்போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. போன் வருவதே இல்லை, இந்தக் கப்பலில் போன் வசதி சரியில்லை என்று எழுதியிருந்தார். உடனே பதில் வந்தது: 'சிங்கப்பூர் வந்திருக்கிறோம். நானே வாங்கி, ஊருக்கு வரும் ஆளிடம் கொடுத்து அனுப்புகிறேன்.' எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கொழுந்தனிடம் காட்டினேன். படித்தான், திரும்பவும் படித்தான்.

"கடல பத்தி ஒண்ணியும் எய்தலியே அண்ணன்" என்றான்.

"கடல்ல கீறவரு கடல பத்தி இன்னாத்துக்கு எழுதணும்?"

"எப்பவும் எய்துவாரே. காத்து, அலை, வாந்தின்னு." அத்தோடு விட்டுவிட்டான்.

கொஞ்ச நாளில் காசிமேட்டு ஆள் ஒருத்தர் பெட்டியோடு வந்தார். என் வீட்டுக்காரரோடு முன்பு ஒரே கப்பலில் இருந்தவர். எப்படி இருக்கிறார், இளைத்துவிட்டாரா என்று கேட்டேன். "அண்ணன் நல்லா கீறாரு" என்று தன் செருப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

கொழுந்தன் ஹார்பரிலிருந்து வந்ததும் பெட்டியை அவன் முன்னால் வைத்தேன். பஞ்சையும் பாட்டிலையும் நானே கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன், குத்தலாகத்தான். அவன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கத்தைப் பார்த்தபோது கை நின்றது. ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தான். பிறகு திறந்து, ப்ராசசரை வெளியே எடுத்து, ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே வைத்தான். பஞ்சைத் தொடவில்லை.

"ஒரிஜினல்தான் அண்ணி" என்றான்.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை அவன் வாயில் நான் கேட்டதில்லை. தாலியைக்கூட 'தங்கமாதிரி கீது' என்றுதான் சொன்னவன். சந்தோஷப்பட வேண்டிய நான், பஞ்சை எடுத்து அவன் பக்கம் நீட்டினேன்.

"தேச்சி பாக்கலியா?"

"வாணாம். அண்ணன் அனுப்பினது" என்று சொல்லிவிட்டு, காசிமேடு வரைக்கும் போய்வருகிறேன் என்று கிளம்பினான்.

மறுநாள் ப்ராசசரைப் பூட்டினான். சும்மா சொல்லக்கூடாது, எல்லா கேபினிலும் ஆள் உட்கார்ந்தும் மெஷின் மூச்சு வாங்கவில்லை. நான்தான் மூச்சு வாங்கினேன். அவன் ஹார்பருக்குப் போன பிறகு அந்தக் காலிப் பெட்டியைத் தேடினேன். அலமாரிக்குப் பின்னால் செருகியிருந்தது. எடுத்ததும் அந்த நாற்றம், என் நெயில் பாலிஷ் தண்ணி. பெட்டியின் அடியில் ஒரு வெள்ளை லேபிள், அதில் ஊதா மையில் ஏதோ கடை முத்திரை குத்தியிருந்திருக்கிறது. தேய்த்துத் தேய்த்து எல்லாம் ஊதாக் கறையாகப் பரவிக் கிடந்தது. உள்ளே இருந்ததைச் சோதிக்காதவன், வெளியே இருந்த முத்திரையை அழித்து வைத்திருக்கிறான்.

சாயங்காலம் அவன் வந்து உட்கார்ந்ததும் பெட்டியை அவன் மடியில் போட்டேன். "இது எங்கேர்ந்து வந்துது?"

"சிங்கப்பூர்."

"என் மூஞ்ச பாத்துச் சொல்லு."

அவனுக்குப் பொய் வராது. சந்தேகப்படுகிறவனுக்கு எப்படிப் பொய் வரும், பழக்கமில்லையே. "பம்பாய் கடை முத்திர அண்ணி" என்றான். "அண்ணன் கப்பல் ஏறவே இல்ல. அந்த ஏஜென்டு டுபாக்கூர். கப்பலும் டுபாக்கூர். பாஸ்போர்ட்டு, பேப்பரு அல்லாத்தையும் வாங்கிகினு பூட்டான். அண்ணனுக்கு வூட்டுக்கு வர வெக்கம். அங்கியே ஒரு ஓட்டல்ல வேல செய்றாரு. காசிமேட்டுக்குப் போயி அந்த ஆள பிடிச்சி உலுக்கித்தான் கேட்டுகினு வந்தேன்."

"ஓட்டல்ல இன்னா வேல? சமையலா?"

அவன் தரையைப் பார்த்தான். "சர்வர்" என்றான்.

எனக்கு வந்த கோபம் வீட்டுக்காரர் மேல் இல்லை. ஐயோ பாவம், யாருக்கோ இட்லி தூக்கிக் கொடுத்துக்கொண்டே எனக்கு சர்வர் வாங்கி அனுப்பிய மனுஷன் மேல் எப்படிக் கோபம் வரும். இவன் மேல்தான் வந்தது. "ஊர்ல கீற பாலு, மீனு, எண்ணெய்னு அல்லாத்தையும் சந்தேகப்பட்டு என் உயிர வாங்கினியே. மெய்யாலுமே சந்தேகப்பட வேண்டியது ஒண்ணு வந்தா, அத்த மட்டும் ஏன் மறைச்ச?"

பெட்டியை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னான்: "நீ தாங்க மாட்ட அண்ணி. உனக்கு சந்தேகப்பட்டு பயக்கம் இல்ல. எனக்குப் பயக்கம்."

அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை. எழுந்துபோய்ப் புது மெஷினில் உட்கார்ந்து வீட்டுக்காரருக்கு ஒரு மெயில் அடித்தேன்: 'சர்வர் நன்றாக ஓடுகிறது. இங்கே இன்னொரு சர்வர் வேலை காலி. உடனே வரவும்.' அடித்துவிட்டுத்தான் அழுதேன்.

வந்தார். சென்ட்ரலுக்குப் போய்க் கூட்டிவந்தது கொழுந்தன்தான். வழியில் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. ரிசல்ட் அன்று வாசலிலிருந்து தெருமுனை வரை கூட்டம். வீட்டுக்காரர் வெயிலில் நின்றவர்களுக்கு மோர் கொடுத்தார், பம்பாயில் கற்ற கைவரிசையில் ஒரே கையில் அத்தனை டம்ளர். மெஷின் ஒரு தடவைகூடப் படுக்கவில்லை. என் கடை பிழைத்தது என்று எனக்கு மத்தியானத்துக்குள்ளேயே தெரிந்துவிட்டது.

ஒரு பெண்ணின் நம்பர் மட்டும் வரவே இல்லை. திரும்பத் திரும்ப அடித்தும் வரவில்லை. அவள் முகம் வெளுத்து, கடல் இருக்கும் பக்கமாகப் பார்க்க ஆரம்பித்தாள். கொழுந்தன் வந்து மெஷின் தலையில் ஒரு தட்டு தட்டினான். "இது டுபாக்கூர் சர்வரும்மா. பாதி நம்பர முழுங்கிடும். வூட்டுக்குப் போயி சோறு துன்னு, தூங்கு. நாளிக்கு பள்ளிக்கூடத்துல பாத்துக்கலாம்." அவள் தெருமுனை திரும்பும் வரை கூடவே போய், அவள் அண்ணனைக் கண்டுபிடித்துக் கையில் ஒப்படைத்துவிட்டு வந்தான். அத்தனை கூட்டத்துக்கு முன்னால் என் சர்வரை டுபாக்கூர் என்றானே என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது. அப்புறம்தான் உறைத்தது, ஒரு ராத்திரிக்கு அந்தப் பெண்ணுக்காகவும் சேர்த்து அவன் சந்தேகப்பட்டிருக்கிறான்.

அதற்குப் பிறகு அவனோடு வாழ எனக்குச் சுலபமாகிவிட்டது. ஒரு சாமானை அவன் டுபாக்கூர் என்றால் நிம்மதியாக வாங்கிவிடுவேன். 'பரவால்ல' என்றால் இரண்டு தடவை பார்ப்பேன். சென்டர் நன்றாக ஓடியது. வீட்டுக்காரர் அப்புறம் கப்பலுக்குப் போகவே இல்லை. பிறகு வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வந்து கூட்டம் குறைந்தபோது, கேபின் தட்டிகளைக் கழற்றிவிட்டு அதே வாசல் ரூமில் நாஸ்டா கடை போட்டோம். பரிமாறுவது அவர்தான்.

கொழுந்தனுக்கு இருமல் வந்தது அந்தச் சமயத்தில். ஹார்பரில் நிலக்கரி இறங்குகிற பக்கம்தான் அவனுக்கு ரொம்ப வருஷம் வேலை. இருமல் மருந்து எல்லாம் டுபாக்கூர் என்று குடிக்காமல் இருந்தான். அந்த வார்த்தை வந்துகொண்டிருக்கிறவரை எனக்குப் பயமில்லை. கடைசியில் சண்டை போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். முடிவைக் கேட்டு வரத் தனியாகத்தான் போவேன் என்று போனான்.

மத்தியானம் கையில் ஒரு வஞ்சிரத்தோடு வந்தான்.

"டாக்டர் இன்னா சொன்னாரு தம்பி?"

"ஒண்ணியும் இல்லன்டாரு அண்ணி. நல்ல டாக்டரு. படமும் நல்லா வந்து கீது. அல்லாம் ஒரிஜினல்." மீனை என்னிடம் நீட்டினான். "நல்ல மீனு. கொழம்பு வை."

வாங்கிச் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். வெளுத்துக் கிடந்தது. அவன் அதைத் தூக்கிப் பார்க்காமலே வாங்கியிருக்கிறான்.

"அந்த டாக்டரு டுபாக்கூர்னு ஒரு வார்த்த சொல்லுப்பா" என்றேன்.

அவன் என் கையிலிருந்து மீனை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனான்.

"இல்ல அண்ணி" என்றான், மீனைக் கழுவிக்கொண்டே. "நல்ல டாக்டரு."